ரெண்டு வட்டி என்றால் உண்மையில் எவ்வளவு?

"ரெண்டு வட்டிக்குத்தான் வாங்கினேன்" என்று சொல்லும்போது பேச்சில் ஒரு நிம்மதி இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அஞ்சு வட்டி, பத்து வட்டி என்று போகாமல் தெரிந்தவரிடம் ரெண்டுக்கே கிடைத்துவிட்டதே என்ற நிம்மதி. அதே ஆளிடம் பேங்கில் பெர்சனல் லோன் 14 சதவீதம் என்று சொன்னால் "பதினாலா, அடேயப்பா!" என்பார். ஆனால் அவர் சொன்ன ரெண்டு மாதக் கணக்கு, பேங்க் சொன்ன பதினாலு வருஷக் கணக்கு. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 24 ரூபாய். சல்லிசு என்று நினைத்துப் போன இடத்தில் பத்து சதவீதம் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

பட்ஜெட் போடுவது எப்படி, சேமிப்பது எப்படி, கடனை அடைப்பது எப்படி என்று மூன்று தனித்தனிப் பாடமாகச் சொல்லித்தருவார்கள். என்னைக் கேட்டால் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். வீட்டுக்கு வருகிற, வீட்டைவிட்டுப் போகிற பணம் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்பது. கடனுக்கு அந்த அளவுகோல் வருஷத்துக்கு எத்தனை சதவீதம் என்பது. செலவுக்கு, மாதத்துக்கு எவ்வளவு என்பது. வெறுமனே சொன்னால் ஒட்டாது என்பதால் ஒரு குடும்பத்தை வைத்தே பார்க்கலாம்.

திருப்பூரில் ஒரு காம்பவுண்டு வீடு. அவர் பனியன் கம்பெனியில் டெய்லர், அவர் மனைவி இன்னொரு கம்பெனியில் செக்கிங். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். கணக்குக்காக நானே உருவாக்கிய குடும்பம்தான், ஆனால் அந்த ஊரில் பத்து வீட்டுக் கதவைத் தட்டினால் இதன் ஒரு துண்டாவது கிடைக்கும். சனிக்கிழமை சம்பளம். இரண்டு பேருக்கும் சேர்த்து வாரம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

வாரச் சம்பள வீட்டில் உள்ள பெரிய சிக்கல், பணம் ஒரு கேலண்டரில் வருகிறது, செலவு நாலு கேலண்டரில் வருகிறது. காய்கறி, கறிக்கடை எல்லாம் வாரக் கணக்கு. வாடகை, பால், பிள்ளைகளின் வேன் மாதக் கணக்கு. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஸ்கூல் பீஸ், தீபாவளி, வண்டி இன்சூரன்ஸ் வருஷக் கணக்கு. சனிக்கிழமை ராத்திரி கையில் 8,000 இருக்கும்போது யாருக்கும் தான் ஏழை என்று தோன்றாது. அடுத்த வாரம் ஒன்றாம் தேதி வந்து வாடகை கொடுத்ததும்தான் கண்ணைக் கட்டும்.

அதனால் பட்ஜெட் என்பது முதலில் இந்த நாலு கேலண்டரையும் ஒன்றாக்குகிற வேலை. ஒரு நாப்பது பக்க நோட்டு போதும், ஆப் எதுவும் வேண்டாம் (ஆப் வேண்டுமென்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும், நான் மூன்று ஆப் போட்டு மூன்றையும் இரண்டாவது வாரத்தில் மறந்தவன்). முதல் மாதம் எதையும் குறைக்க வேண்டாம், திருத்த வேண்டாம், போகிறதை அப்படியே எழுதினால் போதும். டீ, வடை, பூ, ஜெராக்ஸ், கூகுள் பேயில் போன இருபது ரூபாய், எல்லாம். கூகுள் பேயில் போனதை மாதக் கடைசியில் போனைத் திறந்து பார்த்தே எழுதிவிடலாம், அது ஒரு வசதி. கையில் நோட்டாகப் போனதுதான் ஞாபகத்தில் நிற்காது.

நம் குடும்பம் அப்படி ஒரு மாதம் எழுதிப் பார்த்தது. வாடகை 5,500. அரிசி, மளிகை, காய், பால் எல்லாம் சேர்த்து 10,000. கேஸ், கரண்ட், போன் 2,000. வேன், டியூஷன் 2,500. பெட்ரோலும் பஸ்ஸும் 1,500. டீக்கடை, வெளியே சாப்பிட்டது, பிள்ளைகளுக்குத் தின்பண்டம் 2,000. மருந்து மாத்திரை 1,000. மொத்தம் 24,500. நாலு வாரச் சம்பளம் 32,000. அப்படியானால் 7,500 மிச்சம் இருக்க வேண்டுமே, எங்கே போகிறது? அதற்குத்தான் வருகிறேன், அதற்கு முன்னால் ஒரு விஷயம்.

ஐந்தாவது சனிக்கிழமை

வருஷத்துக்கு 52 வாரம். மாதம் நாலு வாரம் என்று கணக்குப் போட்டால் 48தான் வருகிறது. மீதி நாலு வாரம் எங்கே என்றால், வருஷத்தில் நாலு மாதத்தில் ஐந்து சனிக்கிழமை வரும், சில வருஷம் ஐந்து மாதத்தில்கூட. வாரச் சம்பளக்காரர்கள் செலவை நாலு வாரத்துக்குள் அடக்கப் பழகிவிட்டால், அந்த ஐந்தாவது சனிக்கிழமைச் சம்பளம் முழுசாகக் கையில் நிற்கும். இந்தக் குடும்பத்துக்கு அது வருஷத்தில் 32,000. நடைமுறையில் என்ன ஆகிறது? அந்த வாரம் கை கொஞ்சம் தாராளமாகிறது, ஒரு துணி, ஒரு ஹோட்டல், பழைய பாக்கி ஏதோ ஒன்று, அவ்வளவுதான், வந்த சுவடு தெரியாது. கேலண்டரில் ஐந்து சனிக்கிழமை வருகிற மாதங்களை வருஷ ஆரம்பத்திலேயே வட்டம் போட்டு வையுங்கள்.

ஏனென்றால் அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. "எதிர்பாராத செலவு" என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி எதிர்பார்த்த செலவுதான். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், இப்போது ஏப்ரலிலேயே பீஸ் கேட்கிறார்கள். தீபாவளி அறிவிக்காமல் வருவதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகவேண்டும், குலதெய்வம் கோவிலுக்கு ஒரு தடவை, வண்டி இன்சூரன்ஸ், அப்புறம் மொய். இவை எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கூட்டுங்கள். இந்த வீட்டில் 84,000 வந்தது. தீபாவளி போனஸ் இரண்டு பேருக்குமாக 30,000 வரும், ஐந்தாவது சனிக்கிழமைகள் 32,000, ஆக 62,000. பாக்கி 22,000 துண்டு விழுகிறது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,833, கொஞ்சம் கூட்டி 1,850 என்று வைத்துக்கொள்வோம். இதுதான் மாதக் கணக்கில் வரவேண்டிய எண். ஜூன் மாதம் 40,000 என்று மொத்தமாக மிரட்டுகிற ஒன்று, இப்படி எழுதினால் மாதம் 1,850 என்று அடங்கி உட்கார்ந்துவிடுகிறது.

மொய்யைப் பற்றி இரண்டு வார்த்தை. மொய் செலவா, கடனா? என் கணக்கில் அது வட்டியில்லாக் கடன். நம் வீட்டுக் காதுகுத்துக்கு வந்த மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள், அதில் இருக்கிற ஒவ்வொரு பெயரும் நாம் திருப்பிக் கொடுக்கவேண்டிய ஒரு தொகை, கூடக் கொஞ்சம் சேர்த்து. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து என்று தனியாகவே நடத்தி இதைப் பெரிய அளவில் செய்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் மொய்ப் பணத்தை வருமானம் என்று நினைத்து வண்டி வாங்கினால் அடுத்த வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தப் பத்திரிகை வரவர நெஞ்சு படபடக்கும்.

சரி, அந்த 7,500

இந்த வீட்டில் நாலு கடன் இருக்கிறது. ஒன்று, தெரிந்தவரிடம் ரெண்டு வட்டிக்கு வாங்கிய 60,000. மாதம் 1,200 வட்டி மட்டும் போய்க்கொண்டிருக்கிறது, அசல் அசையவே இல்லை. இரண்டு, தண்டல், தினம் 100 ரூபாய், அதாவது மாதம் 3,000. மூன்று, வண்டித் தவணை 3,611. நாலு, பேங்கில் நகை வைத்து வாங்கிய 50,000, வருஷத்துக்கு 9.5 சதவீதம், மாதக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 396. எல்லாம் சேர்த்தால் 8,207. இருக்கிறதோ 7,500. மாதம் 700 இடிக்கிறது, வருஷச் செலவுக்கான அந்த 1,850-ஐயும் சேர்த்தால் 2,550-க்கு மேல் இடிக்கிறது. இடிக்கிற பணத்துக்கு என்ன செய்கிறார்கள்? ஒரு தண்டல் முடிந்ததும் அடுத்த தண்டல். இந்த வீட்டில் யாரும் ஊதாரி கிடையாது. வரவைவிடக் கடன் கட்டும் தொகை பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான். டீயைக் குறை, பூவைக் குறை என்று இவர்களுக்கு உபதேசம் செய்வது அபத்தம்.

இப்போது நாலையும் வருஷ சதவீதத்துக்கு மாற்றுவோம். ரெண்டு வட்டி 24 என்று முன்னமே பார்த்தாயிற்று.

தண்டல்தான் கணக்கில் கில்லாடி. 10,000 என்று பேச்சு, முன்வட்டி 1,000 பிடித்துக்கொண்டு கையில் 9,000 கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய், நூறு நாள். "ஆயிரம் ரூபாய்தானே வட்டி, 10 சதவீதம்தானே" என்று தோன்றும். ஆனால் அந்த 9,000 நூறு நாளும் உங்கள் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள், ஐம்பதாவது நாளில் பாதிக்கு மேல் போய்விட்டது. சராசரியாகப் பார்த்தால் ஏறக்குறைய 4,500 ரூபாயை நூறு நாள் பயன்படுத்தியதற்கு 1,000 ரூபாய் வட்டி. நூறு நாளுக்கே 22 சதவீதம். துல்லியமாகப் போட்டால் வருஷத்துக்கு 78 சதவீதத்துக்குப் பக்கம் வருகிறது. கையில் 8,500 கொடுத்து அதே வசூல் என்றால் 120-ஐத் தாண்டிவிடும். தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடைசெய்து 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, மூன்று வருஷம் வரை சிறை. சட்டம் இருந்தும் சாயங்காலம் ஆனால் அந்த பைக் கடைத்தெருவுக்கு வருகிறது, ஏனென்றால் கையெழுத்து, ஜாமீன், சிபில் (பழைய கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று சொல்லும் மதிப்பெண்) எதுவும் கேட்காமல் பத்து நிமிஷத்தில் பணம் தருவது அவர்கள் மட்டும்தான்.

வண்டித் தவணைக்கு வருவோம். 1,00,000 ரூபாய், மூன்று வருஷம், 10 சதவீதம் பிளாட் என்று ஷோரூமில் சொன்னார்கள். வருஷம் 10,000 வீதம் 30,000 வட்டி, மொத்தம் 1,30,000, முப்பத்தாறால் வகுத்தால் 3,611. கணக்கு சுத்தம், பொய் எதுவும் இல்லை. ஆனால் இரண்டாம் வருஷம் ஆரம்பிக்கும்போது அசலில் மூன்றில் ஒரு பங்கு திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள், மூன்றாம் வருஷத்தில் மூன்றில் இரண்டு பங்கு கொடுத்துவிட்டீர்கள், வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு லட்சத்துக்கும் ஓடுகிறது. குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று போட்டால் இது ஏறக்குறைய 18 சதவீதக் கடன். பிளாட் என்று யாராவது சொன்னால் அந்த எண்ணை 1.8-ஆல் பெருக்கிப் பாருங்கள், மூன்று வருஷத் தவணைக்கு உத்தேசமாகச் சரியாக வரும்.

இந்தப் பெருக்கல் எல்லாம் முடியாது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. 2024 அக்டோபர் 1-இலிருந்து பேங்கும் பைனான்ஸ் கம்பெனிகளும் தனிநபர்களுக்குக் கொடுக்கும் புதுக் கடன்களுக்கு ஒரு முக்கிய விவர அறிக்கை தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் எல்லாக் கட்டணமும் சேர்த்த வருஷ வட்டி விகிதம் ஏபிஆர் என்ற பெயரில் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் "அந்த கீ ஃபேக்ட்ஸ் தாளைக் கொடுங்க" என்று கேளுங்கள். அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் போதும், மற்ற பக்கங்களைப் படிக்க வைப்பதற்கு நான் தயாரில்லை.

ஆக நாலு கடனும் இப்போது ஒரே வரிசையில் நிற்கின்றன. தண்டல் 78, ரெண்டு வட்டி 24, வண்டி 18, நகைக்கடன் 9.5. நிம்மதியாக வாங்கிய கடன் இரண்டாவது இடத்தில் இருக்கிறது. நகை அடகில் இருக்கிறதே என்று தினம் கவலைப்படுகிற கடன்தான் இருப்பதிலேயே மலிவு.

அடைப்பதற்கும் இதே வரிசைதான், சதவீதம் அதிகமானது முதலில். மற்றவற்றுக்குக் கட்டவேண்டியதை மட்டும் கட்டிவிட்டு, மிச்சம் கிடைக்கிற ஒவ்வொரு ரூபாயையும் தலையில் நிற்கிறதன் மேல் போடுவது. சின்னக் கடனை முதலில் அடைத்தால் ஒரு தெம்பு வரும், அதைச் செய்யுங்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. தப்பில்லை, மனசு என்று ஒன்று இருக்கிறதே. மச்சினனிடம் நீங்கள் வாங்கிய வட்டியில்லாத 15,000 என்று ஒன்று இருந்தால் அதற்குக் கணக்குப்படி கடைசி இடம்தான், ஆனால் அடுத்த விசேஷத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றால் அதை முன்னால் கொண்டுவாருங்கள், கணக்கு அதைப் பொறுத்துக்கொள்ளும்.

நம் குடும்பத்துக்கு மிச்சமே இல்லையே, பின்னே எதைப் போட்டு அடைப்பது? பீரோவில் இரண்டு பவுன் சங்கிலி இருக்கிறது, விசேஷத்துக்கு மட்டும் கழுத்துக்கு வரும். அதை வைக்க அந்த அம்மாவுக்கு மனசில்லை, "இருக்கிற ஒண்ணும் போயிடும்" என்ற பயம், நியாயமான பயம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். சங்கிலியை பேங்கில் வைத்து 66,000 வாங்கி, ரெண்டு வட்டி 60,000-ஐயும் தண்டலில் மிச்சம் இருக்கிற 6,000-ஐயும் அன்றே முடித்தால், மாதம் 4,200 போய்க்கொண்டிருந்த இடத்தில் 522 ரூபாய்தான் வட்டி. தண்டல் இன்னும் அறுபது நாளில் தானாகவே முடிந்துவிடும் என்பது உண்மை, ஆனால் அறுபத்தொன்றாம் நாள் அடுத்த தண்டலை வாங்க வைத்தது அந்த 1,200-உம்தானே. இப்போது மாதக் கடன் 3,611, 396, 522, மொத்தம் 4,529. வருஷச் செலவுக்கு 1,850 எடுத்துவைத்த பிறகும் 1,121 ரூபாய் மிஞ்சுகிறது. சம்பளம் ஒரு ரூபாய் ஏறவில்லை, டீயை யாரும் நிறுத்தவில்லை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நகைக்கடனுக்குத் தேதி உண்டு. சில பேங்குகளில் வருஷம் முடிந்ததும் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்க விடுவதில்லை, அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டி மீட்டுத்தான் மறுபடி வைக்கவேண்டும். அந்த ஒரு நாளைக்காக வெளியில் வட்டிக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் வைக்கும்போதே, இடையிடையே அசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கட்டலாம். ஆயிரம் ஆயிரமாக அசலில் கட்டலாம் என்பது தெரியாமலே வருஷக்கணக்காக வட்டி மட்டும் கட்டி வருகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அடகுச் சீட்டில் இருக்கிற தேதியை சமையலறைக் கேலண்டரில் எழுதுங்கள், சீட்டு பீரோவில் இருந்தால் யாரும் பார்க்கப் போவதில்லை.

அப்புறம் சேமிப்பு

மிஞ்சுகிற 1,121-ஐ உடனே நகைக்கடனில் போடச் சொல்லவில்லை. முதலில் 10,000 சேரும் வரை, அதாவது ஒன்பது மாதம், அதைத் தனியாக வையுங்கள். கடனுக்கு 9.5 கொடுத்துக்கொண்டு அதைவிட ரொம்பக் குறைவாகத் தரும் சேமிப்புக் கணக்கில் பணத்தை வைப்பது கணக்குப்படி முட்டாள்தனம்தான். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் 4,000 கேட்டால், அந்த 10,000 இல்லாதவன் போய் நிற்கிற இடம் 78 சதவீதம். அந்தக் கதவைச் சாத்திவைக்கத்தான் இந்தப் பணம். ஏடிஎம் கார்டு இல்லாத, போனில் இணைக்காத ஒரு கணக்கில் போடுங்கள். பழைய காலத்தில் அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலும் பணம் இருந்ததன் ரகசியம் இதுதான், எடுக்கக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கவேண்டும்.

வருஷச் செலவுக்கான 1,850-க்கு பேங்கில் ஒரு வருஷ ஆர்டி (மாதாமாதம் ஒரே தொகை போடும் தொடர் வைப்பு) நல்லது, ஜூன் மாதம் கைக்கு வருகிற மாதிரி ஆரம்பித்துக்கொள்ளலாம். போஸ்ட் ஆபீஸ் ஆர்டி மாதம் 100 ரூபாயிலிருந்தே போடலாம், 2023 அக்டோபரில் அதன் வட்டியை 6.7 சதவீதமாக்கினார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு விகிதத்தை அறிவிக்கும். ஆனால் அது ஐந்து வருஷத் திட்டம், ஸ்கூல் பீஸுக்கு உதவாது. பேங்கில் போடுகிற பணத்துக்கு ஒரு பேங்குக்கு ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, 2020-க்கு முன்னால் இது ஒரு லட்சமாக இருந்தது.

ஏலச்சீட்டு? எல்லோரும் கேட்கிற கேள்வி. ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, இருபது பேர், மாதம் 5,000 என்று வையுங்கள். இரண்டாம் மாதம் ஒருவர் 25,000 தள்ளி எடுக்கிறார், அவர் கைக்கு 75,000. தள்ளியதில் சீட்டு நடத்துகிறவர் கமிஷன் 5,000 போக 20,000-ஐ இருபது பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,000, அந்த மாதம் எல்லோரும் 4,000 கட்டினால் போதும். முதலில் எடுக்கிறவருக்கு இது கடன், கடைசியில் எடுக்கிறவருக்கு இது சேமிப்பு, இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதுதான் இதன் அழகும் ஆபத்தும். பதிவு செய்த சீட்டுக்கு 1982-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது, 2019 திருத்தத்தின்படி கமிஷன் அதிகபட்சம் 7 சதவீதம். பக்கத்து வீட்டு அக்கா நடத்துகிற சீட்டுக்கு அக்காவின் நாணயம்தான் சட்டம். போடாதீர்கள் என்று சொன்னால் கேட்கமாட்டீர்கள், போனால் குடும்பம் கவிழாத அளவுக்கு மட்டும் போடுங்கள். நகைக்கடைச் சீட்டு ஏன் 11 மாதம் என்று யோசித்திருக்கிறீர்களா? பொருளுக்கு வாங்கிய முன்பணம் 365 நாளைத் தாண்டினால் கம்பெனிச் சட்ட விதிப்படி அது டெபாசிட் ஆகிவிடும், அதற்குத் தனிக் கட்டுப்பாடு, அதனால்தான் பன்னிரண்டாம் மாதம் வருவதற்குள் நகையாக்கிவிடுகிறார்கள்.

கிரெடிட் கார்டு இந்தக் குடும்பத்தில் இல்லை, எனக்கு இருந்தது. 50,000 பாக்கி, மினிமம் 2,500 கட்டினால் போதும் என்று மெசேஜ் வரும், நானும் ஒழுங்காகக் கட்டுகிறோம் என்ற பெருமையோடு கட்டிவந்தேன். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வட்டி 1,750, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 315, ஆக 2,065. நான் கட்டிய 2,500-இல் அசலுக்குப் போனது 435 ரூபாய். இதில் இன்னொரு கொடுமை, பாக்கி நிற்கும்போது அந்தக் கார்டில் புதிதாக எதை வாங்கினாலும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி, நாற்பத்தைந்து நாள் இலவசம் எல்லாம் கிடையாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. கடைசியில் நானும் நகையைத்தான் வைத்தேன்.

வீட்டுக்கடன் உள்ளவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு. 20 லட்சம், 9 சதவீதம், 20 வருஷம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 17,995. முதல் மாதம் அதில் 15,000 வட்டி, அசலுக்கு 2,995தான். மாதம் 1,500 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் கடன் மூன்றரை வருஷத்துக்கு மேல் முன்னால் முடிந்துவிடும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் போடக்கூடாது. ஆனால் இதைவிட அதிக வட்டிக்கு வேறு எந்தக் கடன் இருந்தாலும் இதன் பக்கமே போகவேண்டாம்.

திருப்பூருக்குத் திரும்புவோம். வண்டித் தவணை முடிகிற மாதம்தான் இந்தக் கதையில் முக்கியமான மாதம். அந்த 3,611 விடுதலையாகும், வீட்டில் உடனே ஏசி, பெரிய டிவி என்று பேச்சு வரும். அதை நகைக்கடனுக்குத் திருப்பிவிட்டால், ஏற்கெனவே மிஞ்சுகிறதும் வட்டிக்குப் போவதும் சேர்ந்து மாதம் 5,650 ஆகிறது. இரண்டு நகைக்கடனும் சேர்த்து 1,16,000. இந்த வேகத்தில் இரண்டு வருஷத்துக்குள் இரண்டு நகையும் வீட்டுக்கு வந்துவிடும்.

கடைசியாக, கடனை அடைத்த அன்று செய்யவேண்டிய வேலை, பணம் கொடுத்த சந்தோஷத்தில் பலர் விட்டுவிடுவது. ரெண்டு வட்டிக்காரரிடம் எழுதிக்கொடுத்த புரோநோட்டைக் கையோடு திருப்பி வாங்குங்கள். "எங்கேயோ இருக்கு, தேடித் தர்றேன்" என்றால், பணம் முழுசாகப் பெற்றுக்கொண்டேன் என்று தேதியோடு எழுதி வாங்குங்கள், வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் அதையும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நோட்டைப் புதுப்பிக்கச் சொல்வார்களே, கோர்ட்டில் அந்த நோட்டுக்கு அவ்வளவுதான் ஆயுள் என்பதால்தான் அது. வண்டிக்கடன் முடிந்தால் பைனான்ஸ் கம்பெனியிடம் பாக்கி இல்லை என்கிற என்ஓசி கடிதம் வாங்கி ஆர்சி புத்தகத்தில் அவர்கள் பெயரை நீக்கவேண்டும், விற்கப்போகும்போது அலையாமல் இருக்கலாம். வீட்டுப் பத்திரத்தை, கடன் முடிந்த 30 நாளுக்குள் பேங்க் திருப்பித் தரவேண்டும், அவர்களால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று 2023 டிசம்பரிலிருந்து விதி. நகையை மீட்கும்போது கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்னால், அங்கேயே எடை போடச் சொல்லி, அடகுச் சீட்டில் எழுதிய கிராமோடு ஒத்துப் பாருங்கள். பின்னால் வரிசையில் நிற்கிறவர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.